ஜார்ஜ் டவுனைச் சேர்த்து வைத்தது வணிகமே!

நடுவர் அவர்களே, 'சென்னை ஜார்ஜ் டவுன் மக்களைச் சேர்த்து வைத்தது வழிபாடா, வணிகமா?' என்பது தலைப்பு. எதிரணி நண்பர் காளிகாம்பாள் கோயிலில் தொடங்கி, கந்தகோட்டம், ஆர்மீனியன் தேவாலயம் என்று நம்மை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டினார். நன்றி. ஆனால் ஒரு கடையில்கூட வண்டியை நிறுத்தவில்லை!

சரி, அந்தத் தேவாலயத்தையே பார்ப்போம். 1772-இல் கட்டியது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் நம் சென்னையில்தான் வந்தது. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பட்டும் மணிக்கல்லும் விற்ற சமூகம் அது. இன்று கட்டடம் இருக்கிறது, கோபுரத்தில் மணிகள் இருக்கின்றன, மணியோசை கேட்டு வர ஆர்மீனியர் இல்லை. வழிபாடு அவர்களை ஏன் பிடித்து வைக்கவில்லை? வியாபாரம் போச்சு, அவர்களும் போனார்கள்.

வணிகம் சண்டையைத்தானே மூட்டியது என்று எதிரணி நண்பர் கேட்டார். மூட்டியது, நான் மறைக்கவில்லை. 1707-இல் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவுகளின் மோதலில் வலங்கையினர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் பிட் பாடாய்ப்பட்டாரே, பக்தியிலா? ஆள் இல்லாவிட்டால் கம்பெனி வேலை படுத்துவிடும் ஐயா!

அப்புறம் பர்மா பஜார். பர்மாவில் கடைகள் அரசுடைமையானதும் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்த நம் ஆட்கள் 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிக் கடை போட்டார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். அத்தோ என்கிற பர்மா உணவைப் போடுகிறவர் நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் கிண்ணத்தில் அள்ளிப்போட்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். தட்டேந்தி நிற்கிற கூட்டத்தில் மண்ணடி பாய் இருப்பார், சௌகார்பேட்டை சேட்டு வீட்டுப் பையன் இருப்பான், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் இருப்பார். இவர்கள் எல்லோரையும் ஒன்றாக நிற்க வைக்கிற ஒரு சன்னதியை எதிரணி காட்டட்டும்.

பவளக்காரத் தெருவில் பவளம் விற்ற யூதர்கள் போன பிறகு வணிகச் சமூகமான நகரத்தார் வந்து குடியேறினார்களே, கோயில் தேடியா வந்தார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழி முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.