நாலு வருஷம் கழிச்சு மறுபடியும் காக்பிட்ல

வணக்கம். நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு இந்த வானொலி நிலையத்துல இருக்கிறவங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நான் சம்பளத்துக்கு ஓட்டுற பைலட் இல்லங்க. ஆசைக்கு ஓட்டுறவன், ஒரு இன்ஜின் வச்ச நாலு சீட்டு சின்ன விமானம். நடுவுல வேலை, குழந்தை, வீட்டுக் கடன்னு நாலு வருஷம் பக்கமே போகல. நீச்சலும் சைக்கிளும் ஒருதடவை கத்துக்கிட்டா மறக்காதும்பாங்கல்ல, நானும் அதையே நம்பிக்கிட்டு, லைசென்ஸ தூசி தட்டி எடுத்துக்கிட்டு, ஒரு இன்ஸ்ட்ரக்டரோட ஏறி உக்காந்தேன். என்னவிட பதினஞ்சு வயசு சின்னவர், சார் சார்னு மரியாதையா பேசுவார், ஆனா கண்ணு மட்டும் எங்கயும் நகராது.

முதல் லேண்டிங், சொன்னா நம்ப மாட்டீங்க, பஞ்சு மாதிரி. சக்கரம் தொட்டதே தெரியல. நான் பெருமையா திரும்பிப் பார்க்கிறேன், அவர் மெதுவா கேக்கிறார், "சார், டவர்ல இப்ப என்ன சொன்னாங்க?" எனக்குத் தெரியாது. காதுல விழவே இல்ல. இத்தனைக்கும் ஹெட்செட் காதுலதான் இருக்கு.

அங்கதான் எனக்கு உறைச்சுது. கையும் காலும் ஓரளவு ஞாபகம் வச்சுக்குது, போறது வரிசைதான். எது முன்ன, எது பின்ன, எந்த ஸ்விட்ச், ரேடியோல எப்ப பேசணும், அதெல்லாம்தான் சத்தமில்லாம போயிடுது. அதுலயும் லேண்டிங் நல்லா அமைஞ்சிட்டா போனது நமக்கே தெரியாது பாருங்க.

அடுத்த சுத்து, அதாவது மறுபடி கிளம்பி ரன்வேய சுத்தி வந்து இறங்கறது. ரன்வே எதிர்ல தெரியுது, ஃபிளாப், அதாவது இறக்கையோட பின் ஓரத்துல இருக்கிற தகடு, முழுசா இறக்கியாச்சு, தரை கிட்ட வந்துடுச்சு, திடீர்னு அவர் "கோ அரவுண்ட்"ங்கிறார். அதாவது இறங்காத, மறுபடி மேல ஏறு. ரெண்டு செகண்டு நான் சிலை மாதிரி உக்காந்திருந்தேன், அந்த இடத்துல ரெண்டு செகண்டுங்கிறது ரொம்ப நீளம். அப்புறம் பதறிப்போய் இன்ஜின் சக்திய கூட்டுற த்ராட்டில முழுசா தள்ளுறேன், இறங்குறதுக்காக ட்ரிம், அதாவது கை அழுத்தாமலே மூக்க ஒரு நிலைல நிறுத்துற அமைப்பு, வச்சிருந்ததால விமானத்தோட மூக்கு ஜிவ்வுனு மேல தூக்குது, ஸ்பீடு குறையுது, அந்த பதட்டத்துல ஃபிளாப மொத்தமா ஒரே இழுப்புல மேல ஏத்த கை போகுது. மொத்தமா ஏத்தினா இறக்கை தூக்குற சக்தி சட்டுனு குறைஞ்சு விமானம் கீழ உக்காரும், தரை பக்கத்துலயே இருக்கிறப்போ. அத கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும், படிச்சதுதான், பரீட்சைல எழுதுனதுதான். நல்லவேளை அந்த லீவர் மேல அவரோட கை எனக்கு முன்னாடியே இருந்துச்சு. திட்டக்கூட இல்ல. "மூக்கை அழுத்திப் பிடிங்க சார்"னார், அவ்வளவுதான்.

அன்னைலேர்ந்து எனக்கு இது ஒரு பைத்தியம். இடைவெளி விட்டு வர்றவங்க யாரப் பார்த்தாலும் லேண்டிங் பத்தி கேக்க மாட்டேன், கோ அரவுண்ட் எத்தனை பண்ணீங்கன்னுதான் கேப்பேன். பெரும்பாலும் ஒண்ணுகூட இருக்காது.

பல நாடுகள்ல ஒரு விதி இருக்கு, கடைசி 90 நாள்ல மூணு டேக் ஆஃப், மூணு லேண்டிங் பண்ணியிருந்தாத்தான் கூட ஆள ஏத்திக்கலாம். நல்ல விதிதான். ஆனா காத்தே அடிக்காத காலைல பழகுன ரன்வேல மூணு சுத்து சுத்துனா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், பறந்த கணக்கு எழுதுற லாக்புக் ஓகே, சட்டம் ஓகே. பக்கத்து சீட்டுல வீட்டுக்காரம்மாவ உக்கார வச்சு, குறுக்குக் காத்து அடிக்கிற மத்தியானத்துல இறக்க அது போதுமா? எனக்குப் போதல.

அதனால நான் வீட்லயே ஒண்ணு பண்ணுவேன், காசே ஆகாது. நாற்காலில உக்காந்து கண்ண மூடிக்கிட்டு முழு சுத்தையும் வாய்விட்டு சொல்லுவேன், த்ராட்டில் தள்ளுற கையோட, ரேடியோ பேச்சோட. "அப்பா, யார்கிட்ட பேசுறீங்க"ன்னு பொண்ணு கேட்டுட்டுப் போவா. கேக்கட்டும். எங்க திக்குறமோ அங்கதான் மறந்திருக்கு, அத முதல்ல இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லிடுவேன், கூச்சமே படமாட்டேன்.

ராத்திரி ஓட்டுறது பத்தியும் சொல்லணும்னு நினைச்சேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. ஒண்ணே ஒண்ணு. நாம மட்டும் சும்மா இருக்கல, விமானமும் சும்மா நின்னிருக்கும். டேங்குல தண்ணி சேரும், இன்ஜின் உள்ள துரு பிடிக்கும். 1996 பிப்ரவரில டொமினிகன் குடியரசுல ஒரு போயிங் 757 கடல்ல விழுந்து 189 பேர் போனாங்க, ஸ்பீடு காட்டுறதுக்காக காத்து வாங்குற பிட்டோ குழாய் அடைச்சு ஸ்பீடு தப்பா காட்டுனதுலதான் ஆரம்பிச்சுது, நின்னிருந்த நாள்ல குளவி கூடு கட்டியிருக்கலாம்னு விசாரணைல சந்தேகப்பட்டாங்க. அதுக்கு ஒரு உறை இருக்கு, நிறுத்துறப்போ மாட்டுங்க. கிளம்புறப்போ கழட்டவும் மறந்துடாதீங்க, நான் ஒருதடவை அதோட... சரி சரி, நேரமாச்சாம். அத இன்னொரு நாள் சொல்றேன். வணக்கம்.