எஞ்சின் ஓடுகிறது, ஆனால் இழுப்பது குதிரை! ஆமிஷ் மக்களின் அறுவடை

வணக்கம் நண்பர்களே! திரையில் இருக்கும் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இது பேலர். காய்ந்த புல்லை அள்ளி, அழுத்தி, கயிறு கட்டிச் சிப்பமாகத் தள்ளும் இயந்திரம். அதன் மேலே எஞ்சின் தடதடவென்று ஓடுகிறது. ஆனால் முன்னால் இழுத்துப் போவது குதிரைகள்! எஞ்சின்தான் இருக்கிறதே, அப்புறம் குதிரை எதற்கு? அந்தக் கேள்விக்கு வருகிறேன், இருங்கள்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. 1693இல் யாக்கோப் அம்மான் தலைமையில் ஐரோப்பாவில் தனியாகப் பிரிந்த கிறிஸ்தவர்கள்தான் ஆமிஷ். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், ஓஹாயோவின் ஹோம்ஸ் வட்டாரங்களில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். சரி, வயலுக்குப் போவோம்.

கோடையில் ஓட்ஸ் விளைந்ததும் பைண்டர் என்ற கருவியைக் குதிரைகள் இழுக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த கருவி இது! பழைய பைண்டரில் எஞ்சினே கிடையாது. அடியில் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று மண்ணைப் பற்றி உருளும். அந்தச் சுழற்சியிலேயே கத்தி வெட்டும், வெட்டிய கதிர் மேலே ஏறும், கயிறு சுற்றி முடிச்சும் விழும். குதிரை நடந்தால் முடிச்சு விழும், நின்றால் எல்லாம் நிற்கும். அந்த முடிச்சுப் போடும் உறுப்பை 1870களில் உருவாக்கியவர் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி. இரும்பு விரல் ஒன்று கயிற்றை வளைத்து முடிச்சிடுவதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், நான் பத்துத் தடவை பார்த்தேன்.

கட்டுகளைக் கதிர் மேலே இருக்கும்படி ஒன்றோடொன்று சாய்த்துக் காயவிடுவார்கள். பிறகு கதிரடிப்பு. அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கதிரடிக்கும் இயந்திரம்தான். இன்று உன் பண்ணை, நாளை என் பண்ணை. ஆளுக்கொரு குதிரை வண்டியோடு வந்து கட்டுகளை ஏற்றுவார்கள். கூலி கிடையாது, வேலைக்கு வேலை.

இப்போது அந்தக் கேள்வி. ஆமிஷ் மக்களுக்கு இயந்திரமே ஆகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல பண்ணைகளில் டிராக்டர் நிற்கிறது! தொழுவத்தருகே நின்று, நீளமான பெல்ட் மூலம் கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும். வயலில் இறங்கி உழ மட்டும் அதற்கு அனுமதி இல்லை. ரப்பர் டயரும் கூடாது, இரும்புச் சக்கரம்தான். ரப்பர் டயர் வந்தால் டிராக்டரிலேயே டவுனுக்குப் போகலாம், அடுத்தது கார்தான். டிராக்டர் வயலில் இறங்கினாலோ, ஒரே ஆள் நூற்றுக்கணக்கான ஏக்கர் உழலாம், பக்கத்துப் பண்ணையையும் வாங்கிவிடலாம். அப்புறம் கதிரடிக்கக் கூப்பிட அங்கே யார் இருப்பார்கள்? குதிரைக்கு ஒரு நாளில் உழ முடிந்த அளவு உண்டு. பண்ணையும் அந்த அளவுக்குள் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரரும் பக்கத்திலேயே இருக்கிறார். என்னைக் கேட்டால், இவ்வளவு தெளிவாக யோசித்து இயந்திரத்துக்கு வேலி போட்டவர்களை நான் பார்த்ததில்லை. அந்த வேலியை எங்கே போடுவது என்பதை ஒவ்வொரு சபையும் தானே முடிவு செய்கிறது. அதனால் ஒரு ஊரில் செல்லுபடியாகும் பேலர் எஞ்சின் இன்னொரு ஊரில் ஆகாது.

குதிரைகளைச் சொல்லாமல் விட்டால் பாவம்! பெல்ஜியன், பெர்ஷரான் என்ற பெரிய இனங்கள். ஒன்றின் எடையே சாதாரணமாக 900 கிலோ வரும். லங்காஸ்டரில் கோவேறு கழுதைகள்தான் அதிகம்.

மதியம் குதிரைகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட உட்காருவார்கள். சமைத்தது அந்த வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும். நாளைக்கு இதே கூட்டம் அடுத்த பண்ணையில். உங்கள் வீட்டில் எந்த இயந்திரத்துக்கு இப்படி வேலி போடுவீர்கள்? கமெண்ட்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.