வெற்றுத் துணியில் ஒளிய இடமில்லை: மரபுக் குவில்ட்டும் நவீனக் குவில்ட்டும்

அவைக்கு வணக்கம்.

குவில்ட் மூன்று அடுக்கு கொண்டது. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த முகத்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. பழைய புடவைகளை அடுக்கி நூலோட்டிய விரிப்பில் படுத்து வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான் பேச வந்தது அமெரிக்கக் குவில்ட்டைப் பற்றி. மரபா நவீனமா என்ற வழக்கு அங்கேதான் சூடாக நடக்கிறது.

மரபு என்று அவர்கள் சொல்வது, ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தைத்து வரிசையாக இணைத்துச் சுற்றிலும் கரை வைப்பதை. நைன் பேட்ச், லாக் கேபின், ஓஹையோ ஸ்டார் என்று கட்டங்களுக்குப் பெயர் உண்டு. பூப்போட்ட துணிகள்தான் அதிகம். நவீனம் என்பது பூவில்லாத ஒற்றை நிறத் துணி, பெரிய வெற்றிடம், ஒரு பக்கமாக ஒதுங்கிய வடிவம், அளவுகோல் வைக்காமல் வெட்டிய துண்டுகள். 2009இல் லாஸ் ஏஞ்சலிஸில் மாடர்ன் குவில்ட் கில்டு என்ற சங்கம் தொடங்கியது. 2013இல் டெக்சஸின் ஆஸ்டினில் அவர்களுடைய முதல் குவில்ட்கான் கண்காட்சி நடந்தது. இந்தப் பாணிக்குப் பெயரும் மேடையும் கிடைத்தது அப்போதுதான்.

புதிதாகத் தைக்க வருகிறவர்கள், நவீனம் சுலபம், மரபு கடினம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டிலும் கடினம் உண்டு. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு.

மரபில் அது கால் அங்குலத்தில் இருக்கிறது. நைன் பேட்ச் கட்டத்துக்கு இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்பது வெட்டுவீர்கள். ஓரத்தில் கால் அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தால் கட்டம் ஆறரை அங்குலம் வரும்; பக்கத்துக் கட்டங்களோடு இணைத்தபின் ஆறு. ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? தையல் இரண்டு துண்டிலும் தின்னும், ஆகவே ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு போச்சு. ஒரு வரிசையில் இரண்டு தையல். கட்டம் ஆறேகாலில் நிற்கும். பக்கத்தில் வைக்க ஆறரைக்கு வெட்டிய வெற்றுச் சதுரம் காத்திருக்கும். அதை இழுத்துப் பொருத்தினால் சுருக்கம் விழும். விட்டால் மூலைகள் சேராது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் நூலின் தடிமனும் துணி மடியும் இடமும் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. ஆகவே கால் அங்குலத்துக்கு ஒரு நூலளவு குறைத்துப் பிடிக்க வேண்டும். தையல்களை ஒரு வரிசையில் வலப்பக்கமாகவும் அடுத்த வரிசையில் இடப்பக்கமாகவும் மடித்து இஸ்திரி போட்டால், இணைக்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மூலைகள் தாமாகச் சேரும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் எடுத்தெடுத்து வைத்து அழுத்துங்கள். தேய்த்தால் துணி இழுபடும். முக்கோணங்களின் குறுக்கு வெட்டு ஓரங்கள்தான் முதலில் கெடும்.

ஆனால் மரபில் ஒரு சலுகை இருக்கிறது. பூப்போட்ட துணியில் தையல் ஓட்டம் கண்ணில் படாது. கொஞ்சம் கோணினாலும் பூக்கள் மூடிவிடும். நவீனத்தில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளையோ சாம்பலோ நாற்பது அங்குலத்துக்கு வெறுமையாகக் கிடக்கும்போது, ஒவ்வொரு தையலும் கோலப்பொடிக் கோடு மாதிரித் தெரியும்.

அங்கே என்னென்ன கெடும்? வெள்ளைத் துணிக்குப் பின்னால் அடர்நிறத் தையல் மடிப்பு நிழலாடும். மடிப்பை அடர்நிறப் பக்கம் தள்ளி, தொங்கும் நூல்களைக் கத்தரிக்க வேண்டும். நெருக்கமாகத் தைத்த பகுதி சுருங்கும், தளர்வாக விட்ட பகுதி புடைக்கும். ஒரே குவில்ட்டில் இரண்டும் இருந்தால் தரையில் தட்டையாகவே படியாது. நேர்கோடுகளாகத் தைக்கும்போது ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி மறு ஓரம்வரை போனால், முகத்துணியை இயந்திரத்தின் அழுத்துப் பாதம் முன்னே தள்ளிக்கொண்டே போய்க் கோடுகளுக்கு நடுவே சாய்வான சுருக்கங்கள் விழும். முதலில் நாலங்குலத்துக்கு ஒரு பிடிப்புக் கோடு போட்டு, பிறகு இடையை நிரப்புங்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தையல் நீளம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். துண்டு இணைக்கும்போது இரண்டு போதும்.

கோல் வைக்காமல் வெட்டுவதும் விளையாட்டில்லை. ஓரங்கள் இழைக்குச் சாய்வாக விழுந்து இழுபடுவதால் கட்டம் நடுவில் எரிமலை போல எழும்பும். துணிக்கு முன்கூட்டியே கஞ்சி போடுங்கள். கட்டத்தைத் தேவைக்கு ஓர் அங்குலம் பெரிதாகத் தைத்து, பிறகு சதுரம் பார்த்து வெட்டுங்கள்.

இந்த வெற்றிடம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கலைக் காரணம் மட்டும் சொல்கிறார்கள். பஞ்சுக்கும் பங்கு உண்டு. முற்காலத்துப் பஞ்சு அடைப்பு துவைத்தால் நகர்ந்து கட்டிபடும். அதனால்தான் அன்று நெருக்கமாகத் தைத்தார்கள். அழகு அதற்குப் பிறகு வந்தது. இன்று ஊசியால் குத்திப் பிணைத்த பஞ்சுத் தகட்டில் எட்டு முதல் பத்து அங்குலம்வரை இடைவெளி விடலாம். உறையில் அந்த அளவு அச்சிட்டிருக்கும், வாங்குமுன் படியுங்கள். வெட்டும் கருவிக்கும் பங்கு உண்டு. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தியைக் கொண்டுவந்தது. அதுவரை அட்டை அச்சு, பென்சில், கத்தரிக்கோல்.

நவீனம் புதியது என்பதையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில், எளிய வாழ்வைக் கடைப்பிடிக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் பெண்கள் நூறாண்டுக்கு முன்பே பூவில்லாத கம்பளித் துணியில், நடுவில் ஒரே ஒரு பெரிய சாய்சதுரம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அலபாமாவின் ஜீஸ் பெண்டில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளையும் ஜீன்ஸையும் கோணல் மாணலாக இணைத்த குவில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொங்கின. அதற்கும் முன்பு, 1971இல், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய படுக்கை விரிப்புகளை அருவ ஓவியம் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. ஆமிஷ் குவில்ட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெறும் நிறத்தை வெறுமையாக விடாமல், அந்த அகன்ற கரை முழுக்க இறகு வடிவத்தில் கைத்தையல் போட்டிருப்பார்கள். வெற்றிடத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் அவர்கள்.

எதை விரும்புவது? என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். தினம் போர்த்தித் துவைக்கும் விரிப்புக்கு மரபுக் கட்டமும் பூத்துணியும், கறை தெரியாது. பருத்திப் பஞ்சு முதல் சலவையில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கமும் பூத்துணியில் அழகுதான். சுவருக்கு நவீனம். சாம்பல் நிறத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், பார்த்துச் சலித்துவிட்டது.

கடைசியாக, ஓரத்தைச் சுற்றிப் பட்டை வைத்து மூடுவது. அறுபதுக்கு எழுபத்திரண்டு அங்குலக் குவில்ட்டின் சுற்றளவு 264. மூலைக்கும் இணைப்புக்கும் பன்னிரண்டு சேர்த்தால் 276. நாற்பது அங்குலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டைகள் ஏழு, அதாவது அரை கஜம். இரட்டையாக மடித்துத் தைப்பது மரபு. சட்டகம் போலத் தெரிவதால் நவீனக்காரர்கள் சிலர் இதை விட்டுவிட்டு, ஓரத்தை உள்பக்கம் திருப்பி மறைத்துவிடுகிறார்கள். சுவருக்கு அது நன்றாகவே இருக்கும். படுக்கையில் விரித்தால் முதலில் நைந்துபோவது ஓரம்தான், அங்கே இரட்டை மடிப்பு இல்லாவிட்டால் சீக்கிரமே கிழியும்.