டார்ச்சோடு லைன் பார்க்கப் போனவர்

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

நிறைவும் சாகசமும் கிடைப்பது அன்றாட வேலையிலா, வேலைக்கு வெளியிலா என்பது தலைப்பு. வேலைக்கு வெளியில்தான் என்று எனக்கு முன்னால் பேசிய சகோதரி அடித்துச் சொன்னார். காலையில் கைரேகை வைத்து உள்ளே போய், சாயங்காலம் கைரேகை வைத்து வெளியே வருகிறவருக்கு நடுவில் நடப்பதெல்லாம் வெறும் பிழைப்பு, அவர் உயிரோடு இருப்பதே ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்போதுதான் என்றார். நன்றாகப் பேசினார், கைதட்டலும் வாங்கினார். ஆனால் ஐயா, அதைக் கேட்கக் கேட்க எனக்கு என் அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். ராத்திரி பதினோரு மணிக்கு யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள், அண்ணே எங்க தெருவுல கரண்ட் இல்லை என்று. எங்கே என்ன ஆனது என்று வந்தவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. கம்பியைத் தாங்கும் பீங்கான் வெடித்திருக்கலாம், அணில் கம்பிக்குக் கம்பி தாவியதில் ஃபியூஸ் போயிருக்கலாம், தென்னை மட்டை விழுந்து கிடக்கலாம். டார்ச்சை மேலே அடித்துக்கொண்டு ஒவ்வொரு போஸ்ட்டாகப் பார்த்துக்கொண்டே போவார். சின்ன வயதில் சில நாள் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சை இறக்கி, கம்பியில் வரும் கரண்ட் மண்ணுக்குள் போக எர்த் ராடு மாட்டி, எல்லாம் முடித்த பிறகும் உடனே ஏற மாட்டார், ஒரு நிமிடம் அப்படியே நின்று காது கொடுத்துக் கேட்பார். பக்கத்தில் எங்காவது ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பாராம். ஓடினால் அந்தக் கரண்ட் திரும்பி லைனுக்குள் வந்து ஆளைக் கொன்றுவிடலாம். அந்த ஒரு நிமிடம் நான் மூச்சுவிடாமல் நின்றிருக்கிறேன். அப்புறம் எத்தனையோ மலைகளுக்குப் போய்வந்துவிட்டேன், அந்த நிமிடம் எந்த மலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சாகசம் என்றால் என்ன என்று எதிரணியைக் கேட்கிறேன். அடுத்து என்ன வரும் என்று தெரியாத இடத்துக்குள் கால் வைப்பதுதானே? அதோடு இன்னொன்றும் வேண்டும் என்பேன் நான், நாம் போய்ச் சேர்வதை நம்பி அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்க வேண்டும். மலை ஏறப் போகிறீர்கள், பாதியில் கால் வலித்துத் திரும்பிவிட்டால் யாருக்கு என்ன குறை? குன்னூரில் ஒரு தபால்காரர் 30 ஆண்டுகளாகத் தினமும் 15 கிலோமீட்டர் காட்டு வழியில் நடந்து தபால் கொடுத்துவிட்டு 2020-இல் ஓய்வு பெற்றார், செய்திகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். யானையும் கரடியும் காட்டெருமையும் விரட்டிய பாதை அது. நாம் படம் பிடிக்கப் போகிற அதே நீலகிரிதான். அவர் பாதியில் திரும்பியிருந்தால் ஒருவர் வீட்டுக்குக் கடிதம் வந்திருக்காது.

சரி, காடும் கம்பமும் ஆபத்தான வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன சாகசம் என்று அடுத்து வருகிறவர் கேட்பார். கேட்கட்டும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவரை உட்கார வைத்தார்கள். சில நாளிலேயே அந்த வேலை அவருக்குச் சலித்துப்போனது. பேச ஆள் இல்லை, செய்ய வேலை இல்லை, என்னைப் பழையபடி வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடமே போய் நின்றார். அன்றைக்கு இந்தப் பட்டிமன்றம் நடந்திருந்தால் எதிரணிக்கு அவர்தான் முதல் சாட்சி. முதலில் லண்டன் போய் நூலக வேலையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் உங்கள் கணக்கு வேலை உங்களுக்கு என்று பேசி அனுப்பினார்கள். 1925-இல் திரும்பி வந்தவர் கணக்கு வகுப்பைக் கேட்கவே இல்லை. பிடிக்காமல் எழுந்து ஓடப் பார்த்த அதே நாற்காலியில் அடுத்த கிட்டத்தட்ட 20 ஆண்டுகளை ஓட்டினார்.

அதுதான் லண்டன் போனாரே, வெளியே போனதால்தானே மாறினார் என்று சகோதரி தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. அங்கேதான் ஐயா விஷயம் இருக்கிறது. லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மையை அவர் பார்த்தார். பட்டையும் சக்கரமும் திருகாணியும் கொஞ்சம்தான், மாற்றி மாற்றி மாட்டினால் ஒரு நேரம் கிரேன் ஆகும், ஒரு நேரம் வண்டி ஆகும். புத்தகங்களையும் இப்படித்தான் அடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தஞ்சாவூர் நெற்பயிருக்கு வரும் நோய் பற்றி ஒரு புத்தகம் என்றால், பயிருக்கு ஒரு துண்டு, நோய்க்கு ஒரு துண்டு, ஊருக்கு ஒரு துண்டு, எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு எண். நாளைக்குப் புதிதாக ஒரு துறையே பிறந்தாலும் அதற்கும் இடம் இருக்கும். 1933-இல் கோலன் பகுப்பு முறை என்று அது அச்சில் வந்து, உலகம் முழுக்க நூலகம் படிக்கிறவர்கள் அதைப் படித்தார்கள். அந்தக் கடைக்கு அன்று எத்தனை பேர் போயிருப்பார்கள்! எல்லோருக்கும் அது பொம்மை. இவருக்கு மட்டும் அது வேறாகத் தெரிந்தது என்றால், சென்னை அலமாரிகளின் குழப்பத்தை இவர் தலையில் சுமந்துகொண்டு போயிருந்ததுதான் காரணம். அந்த வேலை இல்லாமல் போயிருந்தால் அவரும் பொம்மையைத்தான் பார்த்திருப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் பற்றாத வேலை இருக்கிறது, மரியாதை இல்லாத வேலை இருக்கிறது, நிரந்தரம் என்ற வார்த்தையையே கேட்காமல் வருடக்கணக்காகப் போஸ்ட் ஏறுகிற ஒப்பந்த ஆட்களை எனக்குத் தெரியும். நிறைவாக இரு என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பது என் நோக்கம் இல்லை. தன் வேலையின் மதிப்பு தெரிந்தவர்தான் அதற்கான கூலியைக் குரல் உயர்த்திக் கேட்பார்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன் ஐயா. 2018 நவம்பர் 16, கஜா புயல். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன. மாநிலம் முழுவதிலும் இருந்து ஆட்களை அனுப்பினார்கள். அப்பாவுக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது, வேதாரண்யம் பக்கம் போனார். வண்டி போகாத சேற்று வயலில் சிமென்ட் போஸ்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ராத்திரி பள்ளிக்கூடத் தரையில் படுக்கை. இருபது நாளுக்கு மேல் ஓடியது. ஒரு சாயங்காலம் ஒரு ஊருக்கு மும்முனை லைன் கொடுத்தார்கள். அப்போது வயலில் எங்கோ தூரத்தில், கரண்ட் வந்ததும் தானே ஓடட்டும் என்று புயலுக்கு முன்னால் யாரோ ஆட்டோ சுவிட்சில் போட்டுவிட்டுப் போன தண்ணீர் மோட்டார் ஒன்று தானாக ஓட ஆரம்பித்தது. அப்பா உடனே அம்மாவுக்கு போன் போட்டார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, எதையும் கேட்கவில்லை. இந்தா கேளு என்று போனை அந்தப் பக்கமாக நீட்டிப் பிடித்தார். நானும் அம்மாவும் ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு, தண்ணீர் விழுகிற அந்தச் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நன்றி, வணக்கம்.