பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

(பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வீடு தேடி வந்து அழைத்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, வெயிலில் நின்று ஆடுகளத்துக்குக் கோடு போட்ட உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, புதிய கூடைப்பந்துக் கம்பங்களை நட்டுக்கொடுத்த முன்னாள் மாணவர்களே, நாடகத்துக்குப் பட்டுப்புடவை இரவல் கொடுத்த தாய்மார்களே, ஒப்பனை கலைக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். ஊராட்சித் தலைவர் அவர்கள் இன்னொரு விழாவை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். நாடகம், கூடைப்பந்து, அப்புறம் பொதுத்தேர்வு. எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார்: 'ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்.' மூன்றுக்கும் அது ஒன்றே போதும்.

1891ஆம் வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். வயது பதினெட்டு. படித்தவர்கள் மேடையேறுவதை இளப்பமாகப் பார்த்த காலம் அது. அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டு உடற்பயிற்சி செய்து சலித்துப்போன மாணவர்களுக்காக, பத்தடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளை அடித்து வைத்தார். விதிகள் பதின்மூன்றுதான். முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர். கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது, விழுந்த பந்தை ஏறித்தான் எடுக்க வேண்டும்! பையன்கள் அடங்கவில்லை என்று அவர் பிரம்பை எடுக்கவில்லை, பந்தை எடுத்தார். பாட்டி சொன்னதும் அதுதானே?

ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு ஒருவன் படித்தான். பேசினால் திக்கும். அட்டெண்டன்ஸுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் அடுத்த இரண்டு பேர் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்குச் சேவகன் வேஷம், ஒரே வசனம்: 'மன்னா! எதிரிப் படை கோட்டை வாசலை நெருங்கிவிட்டது!' ஒத்திகையில் 'மன்னா'வையே தாண்ட மாட்டான். தமிழ் ஐயா ஆளை மாற்றவில்லை, பி.டி. சாரிடம் அனுப்பினார். அவர் கையில் பந்தைக் கொடுத்து, தட்டிக்கொண்டே சொல்லச் சொன்னார். ஒரு தட்டுக்கு ஒரு சொல். மன்னா, தட்டு. எதிரிப் படை, தட்டு. சாயங்காலம் முழுக்க மைதானத்தில் இதே சத்தம். விழா அன்று ஈட்டி ஒரு கையில், இன்னொரு கை இல்லாத பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, வசனம் முழுசாக வந்தது. கைத்தட்டல் அடங்கவே இல்லை.

கதை அங்கே முடியவில்லை. அடுத்து பக்கத்துப் பள்ளிகளோடு குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டி. கடைசி நிமிஷம், நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது, எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் நிற்கிறார்கள். அப்போது இவன் குரல்: 'மன்னா! எதிரிப் படை கோட்டை வாசலை நெருங்கிவிட்டது!' அஞ்சு பேரும் திரும்பி ஓடினோம். கூடைக்குப் பக்கத்தில் ஓடிவந்து பந்து போட எழும்பியவன் சிரித்துவிட்டான், பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது. நடுவர் விசில் ஊதக்கூட மறந்து நின்றார். ஜெயித்தோம்!

ஆடுற மாட்டை ஆடித்தான் கறக்கணும். அந்தப் பையனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருந்தால் இன்னும் 'மன்னா'விலேயே நின்றிருப்பான்.

இப்போது என்ன நடக்கிறது? பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்குகிறார்கள். அப்புறம் அறிவியலுக்கு. வாங்கிய கடன் திரும்பி வருவதே இல்லை. நாடக ஒத்திகைக்கும் விழாவுக்கு முந்தைய வாரம்தான் நேரம் கிடைக்கிறது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, தேர்ச்சி விகிதம் அவர்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பறிபோவது பிள்ளைகளின் நேரம். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். இருட்டினால் வீட்டுக்கு ஓட வேண்டும். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவியானார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த ஊர்ப் பெண்ணுக்கும் பந்து போட வெளிச்சம் வேண்டாமா?

பேச்சை முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது, பொதுத்தேர்வைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். ஊராட்சித் தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம்: மைதானத்துக்கு இரண்டு விளக்கு. கழகத் தலைவர் அவர்களிடம் ஒன்று: பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பி.டி. பீரியடை யாரும் எடுக்கக் கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன். நன்றி, வணக்கம்.