கருங்கல் தண்ணீர் குடிக்காது

நேயர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் வட கர்நாடகத்தில் உள்ள பாதாமிக்குப் போயிருந்தேன். சாளுக்கியர் குடைவரைகள் இருக்கிற ஊர். செந்நிற மணற்பாறை இருபுறமும் சுவர்போல எழுந்து நிற்க, நடுவில் அகத்திய தீர்த்தக் குளம் கிடக்கிறது. பாறையில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் நறநறவென்றிருந்தது. ஒரு காலத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்தானே அது! பொதுவாக மணற்பாறையில் மணிகளுக்கு நடுவே நுண்ணிய இடுக்குகள் இருக்கும். மழையைக் கொஞ்சம் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெல்லக் கசியவிடும்.

ஊர் திரும்பிய வாரமே உடுமலைக்குத் தெற்கே திருமூர்த்திமலைக்குப் போனேன். அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் பஞ்சலிங்க அருவிக்கு ஏறுகிற பாதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. சில இடத்தில் படி, சில இடத்தில் வெறும் பாறை. அங்கேயும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று, இரும்புபோலக் குளிர்ந்து கிடந்தது. ஆனைமலைத் தொடரின் பெரும்பகுதி சார்னோகைட்டும் நைஸும்தான். நம் வழக்கில் இரண்டுமே கருங்கல். சார்னோகைட் என்ற பெயர் கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கும். முப்பது ஆண்டு புவியியல் நடத்திய எனக்கு, அந்தக் கல்லின் குணம் அன்றைக்குத்தான் உறைத்தது. விரிசல் விட்ட இடம் தவிர வேறெங்கும் அது தண்ணீரைக் குடிக்காது. மேலே எவ்வளவு கொட்டினாலும் அவ்வளவையும் கீழே தள்ளிவிடும்.

அருவியில் திடீரென்று வெள்ளம் வருவதற்கு இதுதான் காரணம். கோயில் வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையூர்களான மேல்குருமலையிலும் குழிப்பட்டியிலும் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அங்கே பெய்வது இங்கே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2008 மே மாதம் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள்; பலர் பிழைக்கவில்லை. விடுமுறைக்குக் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அருவியருகே ஒரு காவலர் திடீரென்று விசில் ஊதி எல்லோரையும் கரையேறச் சொன்னார். கரையேற மனமில்லாமல் சிலர் அவரிடம் வாக்குவாதம் செய்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. "ஏனுங்க தம்பி, என்ன கண்டீர்கள்?" என்று கேட்டேன். தண்ணீரைக் காட்டினார். "சருகு வருகிறது பாருங்க ஐயா." பார்த்தேன். பளிங்குபோல் விழுந்துகொண்டிருந்த நீரில் சுள்ளியும் கறுத்த இலையும் கலந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் நிறம் தேயிலைச் சாறாகி, பிறகு செம்மண்ணாகியது. நாங்கள் கோயிலுக்கு இறங்கி வருவதற்குள், சற்று முன் குழந்தைகள் உட்கார்ந்திருந்த பாறை நீருக்குள் இருந்தது. அருவியை மூடியிருக்கிறார்களே என்று முகம் சுளிக்கிறவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்லிவருகிறேன். வண்டிக்கு எண்ணெய் போட்டு வந்தது வீண் என்கிற வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் மூடிய அருவிக்குக் குறுக்கே கட்டியிருக்கிற தடுப்புக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

கல் தண்ணீர் குடிப்பதில்லை என்றால், மழை நின்று இரண்டு மாதமான பங்குனியிலும் அருவி நூலாக விழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? கல்லின்மேல் மெல்லிய போர்வையாகக் கிடக்கிற மண்ணிலிருந்தும், அந்த மண்ணை மூடிய சருகிலிருந்தும், வேரிலிருந்தும், மேலே உள்ள சோலைக்காட்டிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் வருகிறது. மணற்பாறை செய்கிற வேலையை இங்கே காடு செய்கிறது. பாறைக்கு நெருப்பு வைக்க முடியாது. சருகுக்கு ஒரு பீடித் துண்டு போதும். எரிந்த சரிவில் அடுத்த மழை சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலாக இறங்கிவிடும். வெள்ளம் பெரிதாகும், பங்குனி நூலும் அறுந்துபோகும். கோடையில் மலைப்பாதைகளை அடைப்பதும், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் தீ பரவாமலிருக்கச் சருகையும் புல்லையும் நீக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் இதற்காகத்தான்.

அடிவாரத்தில் இருக்கிற திருமூர்த்தி அணைக்குப் பெரும்பங்கு நீர் பரம்பிக்குளம் பக்கமிருந்து மலைச்சரிவை ஒட்டி வெட்டிய 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய் வழியாக வருகிறது. அதை நம்பித்தான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால் பாசனம் நடக்கிறது. அந்த நீரும் இதேபோல் கருங்கல்மேல் நிற்கிற காட்டின் நீர்தான். முறைவைத்துத் தண்ணீர் விடுகிற சுற்றில் எங்கள் பாசன மண்டலத்துக்கு எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கிற விவசாயிக்கு அருவி வேறு, அணை வேறு இல்லை.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, ஆடி அமாவாசைக்கு மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு திருமூர்த்திமலைக்குப் போவார். வரும்போது ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வீட்டுக்குள் நுழையும் முன்பே எங்கள் விவசாயக் காட்டுக்குப் போய் நான்கு மூலையிலும் தெளிப்பார். செம்பின் வாயை ஆவாரந்தழையால் மூடியிருப்பார்.

போன பங்குனியில் அனுமதி பெற்று, ஒரு வனக்காவலரோடு அருவிக்குச் சற்று மேலே வரை போனேன். ஒரு மரத்தடியில் மேல் சருகு மொறமொறவென்று உடைந்தது. விரலை உள்ளே விட்டேன். இரண்டாம் அடுக்கு வதங்கியிருந்தது. மூன்றாம் அடுக்கில் இலையின் நரம்பு மட்டும் மிச்சம்; அதற்கடியில் கறுத்த மண். ஒரு பிடி எடுத்து அழுத்தினேன். மழை கண்டு அறுபது நாளாகியிருந்தது. விரலிடுக்கில் ஈரம் கசிந்து மணிக்கட்டு வரை இறங்கியது.

வணக்கம்.