சாக்கெட்ல உட்காந்துடுச்சு, ஆனா திரை ஏன் கருப்பா இருக்கு? | பழைய மதர்போர்டு, புது ப்ராசஸர்

[திரையில்: ஃபேன் சுத்துற பிசி, கருப்பு மானிட்டர்]

ஃபேன் சுத்துது. லைட் எரியுது. மானிட்டர்ல ஒண்ணுமே வரல. போன ஞாயித்துக்கிழமை பெங்களூரு அல்சூர்ல என் அத்தை பையன் வீட்டுல பார்த்தது இது. கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோடு போய் ஏஎம்டியோட ரைசன் 5 5600 ப்ராசஸர் வாங்கிட்டு வந்து, 2017ல வாங்கின பி350 மதர்போர்டுல மாட்டியிருக்கான். "மச்சான், கரெக்டா உட்காந்துச்சு. ப்ராசஸர்தான் டெட்டு"ன்னு அடிச்சுச் சொல்றான்.

ப்ராசஸர் மேல தப்பே இல்ல. காசு குடுக்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்னு சொல்றேன், வாங்க.

சாக்கெட், அதாவது போர்டுல ப்ராசஸர் உட்கார்ற இடம், அந்தக் கதையைச் சட்டுனு முடிச்சிடலாம். பி350, பி450, பி550 போர்டு எல்லாமே ஏஎம்4 சாக்கெட், 5600ம் அதேதான். ரைசன் 7000 டெஸ்க்டாப் ப்ராசஸர் ஏஎம்5, இதுல மாட்டவே முடியாது.

[திரையில்: போர்டுல இருக்கிற பயாஸ் சிப், குளோஸப்]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். இந்தச் சின்ன சிப்ல தான் பயாஸ், அதாவது பிசி ஆன் ஆனதும் முதல்ல ஓடுற சாஃப்ட்வேர், இருக்கு. எந்த ப்ராசஸரை எப்படி எழுப்பணும்ங்கிற விவரம் இதுக்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு மாதிரி வெச்சுக்கோங்க. மருமக வீட்டுக்கு வந்தாச்சு, சமையலும் நடக்குது. கார்டுல பேர் ஏறாம அவங்க பங்கு அரிசி வருமா? 2022ல வந்த 5600 யாருன்னு 2017 பயாஸுக்குத் தெரியாது.

அந்த சிப் எவ்வளவு பெருசு தெரியுமா? பழைய ஏஎம்4 போர்டுகள் நிறையதுல 16 எம்பி. உங்க போன்ல எடுக்குற நாலஞ்சு போட்டோ, அவ்வளவுதான்! அதுக்குள்ள ஒவ்வொரு தலைமுறை ரைசனுக்கும் இடம் குடுக்கணும். பத்தல. அதனால சில அப்டேட்ல பயாஸ் மெனுவோட படங்களைக் கழிச்சாங்க, சிலதுல பழைய ப்ராசஸர் பேரையே வெட்டிட்டாங்க. பி350 மாதிரி 300 சீரிஸ் போர்டுக்கு, 5600 சேர்ந்த ரைசன் 5000 வரிசை ஆதரவை ஏஎம்டி அதிகாரப்பூர்வமா குடுத்ததே 2022லதான்.

இன்டெல்ல இது இன்னும் மோசம். 6, 7வது தலைமுறை ப்ராசஸரும் எல்ஜிஏ 1151 சாக்கெட், 8, 9வதும் எல்ஜிஏ 1151. உள்ள அழகா உட்காரும். ஆனா 6, 7வதுக்கு வந்த 100, 200 சீரிஸ் போர்டுல 8வது தலைமுறைக்கு ஆதரவே கிடையாது. ரெண்டாவது சாக்கெட்டுக்கு வேற பேர் வெச்சிருக்கணும்னுதான் நான் சொல்வேன்.

[திரையில்: விண்டோஸ் தேடல்]

'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்'னு டைப் பண்ணுங்க. போர்டு பேரும் பயாஸ் தேதியும் வரும். போர்டு கம்பெனி சைட்ல அதே பேருக்கு 'சிபியு சப்போர்ட்' லிஸ்ட் இருக்கும். நீங்க வாங்கப்போற ப்ராசஸருக்கு நேரா எந்த பயாஸ் வெர்ஷன் வேணும்னு போட்டிருப்பாங்க. போர்டு மேல அச்சடிச்ச ரிவிஷன் நம்பரையும் பாருங்க. பேர் ஒண்ணா இருந்தும் லிஸ்ட் மாறலாம்.

அப்டேட்டை பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே பண்ணுங்க. யுபிஎஸ் இருந்தா நல்லது, நடுவுல கரண்ட் போனா போர்டே போயிடலாம். அப்புறம் கொஞ்ச நேரம் பிசியை ஓடவிட்டு, ஆஃப் பண்ணி, சூட்டோட கூலரை லேசா திருப்பித் திருப்பி எடுங்க. ஏஎம்4ல பின் எல்லாம் ப்ராசஸர்லதான் இருக்கு. நடுவுல தடவின பேஸ்ட் காய்ஞ்சிருந்தா ப்ராசஸர் கூலரோட ஒட்டிக்கிட்டு வந்து பின் வளைஞ்சிடும்.

இன்னொண்ணு, 5600ல கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வேணும்.

[திரையில்: விண்டோஸ் லோகோ]

அத்தை பையன் பழைய ப்ராசஸரான ரைசன் 5 1600ஐத் திரும்ப மாட்டி புது பயாஸ் ஏத்தினான். 5600 முதல் தடவையே எழுந்துச்சு. உங்க போர்டு பேரும் ரிவிஷனும் கமெண்ட்ல போடுங்க, லிஸ்ட் பார்த்து நானே பதில் சொல்றேன்.